மதகைத் திறந்தது யார்? - 'ஸ்மார்ட் சிட்டி' என்னும் சொல்லாடல் குறித்துச் சில விளக்கங்கள்

1

'ஸ்மார்ட் சிட்டி' என்பதற்குத் தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. பொலிவுறு நகரம், சீர்மிகு நகரம், திறன்மிகு நகரம். பொலிவு கண்ணுக்கு உரியது. சீர் ஒழுங்கைச் சொல்கிறது. திறன் வேலை செய்யும் ஆற்றலைக் குறிக்கிறது. மூலச் சொல்லில் 'புத்திசாலித்தனம்' என்றொரு பொருள் இருக்கிறதே, அது மூன்றிலும் இல்லை. அறிவு என்று போட்டிருந்தால் 'யாருடைய அறிவு, யாரைப் பற்றிய அறிவு' என்ற கேள்வி உடனே எழும். மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்துத் தவிர்த்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு சொல் ஒரு மொழிக்குள் நுழையும்போது எதை வெளியே விட்டுவிட்டு வருகிறது என்று பார்ப்பது தமிழ் படித்தவனின் பழக்கம், அவ்வளவுதான்.

மூலச் சொல்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 2008 நவம்பரில், உலகப் பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த நேரத்தில், ஐ.பி.எம். நிறுவனம் 'ஸ்மார்ட்டர் பிளானட்' என்ற பிரச்சாரத்தைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் விற்பதிலிருந்து ஆலோசனை விற்பதற்கு அந்த நிறுவனம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனிகளுக்கு விற்றாயிற்று, இனி நகராட்சிகளுக்கு விற்க வேண்டும். 2011இல் 'ஸ்மார்ட்டர் சிட்டீஸ்' என்ற தொடரைத் தன் வணிக முத்திரையாகவே அது பதிவு செய்துகொண்டது. ஆக, நாம் நகர்ப்புறக் கொள்கையென்று விவாதித்துக்கொண்டிருப்பது பிறப்பில் ஒரு சரக்கின் பெயர்.

இந்திய அரசு 2015 ஜூன் 25 அன்று ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. நூறு நகரங்கள், ஐந்தாண்டுகளில் மத்திய அரசின் பங்கு 48,000 கோடி ரூபாய், மாநிலங்களும் நகராட்சிகளும் அதே அளவு போட வேண்டும். திட்டத்தின் வழிகாட்டு ஆவணமே 'ஸ்மார்ட் சிட்டி' என்பதற்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட வரையறை எதுவும் இல்லை என்று ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. அர்த்தம் காலியாக இருக்கும் சொல்லுக்குள் யார் வேண்டுமானாலும் குடியேறலாம். யாரிடம் விற்பதற்குச் சரக்கு தயாராக இருக்கிறதோ அவர்களே முதலில் குடியேறுவார்கள். பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 மார்ச் 31 அன்று திட்டம் முடிந்தது. திட்டம்தான் முடிந்தது. அது விட்டுச்சென்ற கம்பெனிகள், ஒப்பந்தங்கள், கட்டுப்பாட்டு மையங்கள், முக்கியமாக நகரத்தைப் பற்றி யோசிக்கும் ஒரு முறை, இவை முடியவில்லை. அந்த யோசிக்கும் முறையைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வைத்துப் பரிசோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். ஸ்மார்ட் சிட்டி பணத்தை மாநகராட்சி நேரடியாகச் செலவழிக்க முடியாது. ஒவ்வொரு நகரத்துக்கும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு கம்பெனி பதிவு செய்ய வேண்டும். 'சிறப்பு நோக்கு நிறுவனம்' என்பது அதன் பெயர். மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் அதில் சரிபாதி பங்கு. அவர்கள் இருவரின் பெரும்பான்மைக்கும் கட்டுப்பாட்டுக்கும் பங்கமில்லாமல் தனியாரும் பங்குதாரர் ஆகலாம். கம்பெனிக்கு ஒரு தலைமைச் செயல் அலுவலர். அவரை இடையில் நீக்க மத்திய அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். திட்டம் தொடர்பான மாநகராட்சி மன்றத்தின் உரிமைகளையும் கடமைகளையும் இந்தக் கம்பெனிக்கு ஒப்படைத்துவிடும்படி வழிகாட்டு ஆவணம் ஊக்குவிக்கிறது.

கவனியுங்கள். தனியார்மயம் என்றவுடன் நம் மனதில் வருவது ஒரு முதலாளி வந்து வாங்கிக்கொள்வது. இங்கே நடந்தது அது இல்லை. அரசே தன்னைக் கம்பெனி வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. பங்கு முழுக்க அரசாங்கத்தினுடையதாகவே இருக்கலாம். ஆனால் பேசும் மொழி, கணக்குப் பார்க்கும் முறை, பதில் சொல்லும் திசை, எல்லாம் கம்பெனியுடையவை. கவுன்சிலர் தெருவில் அகப்படுவார், சட்டையைப் பிடிக்கலாம். இயக்குநர் குழு தெருவில் அகப்படாது.

சென்னை 2016 ஜனவரியில் முதல் இருபது நகரங்களின் பட்டியலில் தேர்வானது. 'சென்னை ஸ்மார்ட் சிட்டி லிமிடெட்' உருவாயிற்று. அதே 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேல் சென்னைக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தனி அலுவலரின் ஆட்சி. திட்டத்தின் பெரும்பகுதி வேலைகள் திட்டமிடப்பட்டதும் ஒப்பந்தம் விடப்பட்டதும் இந்த ஆண்டுகளில்தான். மன்றத்தின் அதிகாரத்தைக் கம்பெனிக்கு மாற்றலாமா கூடாதா என்று விவாதிப்பதற்கு மன்றமே இல்லை. 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல் ஆவணங்களில் நிரம்பி வழிந்த காலம், மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட ரிப்பன் மாளிகையில் இல்லாத காலமாக இருந்தது. இந்த நகைமுரணை யாரும் புனைய வேண்டியதில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

சென்னையில் 'பகுதி சார்ந்த வளர்ச்சி'க்குத் தேர்வானது தியாகராய நகர். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகர் தண்ணீரில் நின்றது. ஸ்மார்ட் சிட்டி பணம் என்ன ஆயிற்று என்று ஆட்சிக்கு வந்திருந்த முதல்வர் மு.க. ஸ்டாலின் கேட்டார். 2022இல் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் விசாரணை அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. முதலமைச்சரே 'பணம் எங்கே போனது' என்று விசாரணை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றால், தி.நகர் சந்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் யார்கிட்ட போய் கேட்பார்?

3

இனி ஏரிக்கு வருவோம். செம்பரம்பாக்கம் சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து திருநீர்மலை, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஒருகாலத்தில் ஆயக்கட்டு வயல்களுக்கான பாசன ஏரி. இன்று பிரதானமாகச் சென்னைக்குக் குடிநீர். 2007இல் இங்கே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. கட்டியது பிரெஞ்சு நிறுவனமான டெக்ரெமான்ட். சூயஸ் குழுமத்தைச் சேர்ந்தது. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு விசித்திரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2011இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதும் செம்பரம்பாக்கம் அதற்குள் வரவில்லை. சென்னை குடிக்கும் தண்ணீர் சென்னைக்கு வெளியே இருக்கிறது. ஸ்மார்ட் நகரத்தின் எல்லைக்கோடு ஏரிக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஏரியைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்குக் கிடைப்பது வேறு வகை நவீனம். திருமழிசைத் துணைநகரம் 2011இல் அறிவிக்கப்பட்டது. செம்பரம்பாக்கம், குத்தம்பாக்கம், நரசிங்கபுரம், வெள்ளவேடு, பர்வதராஜபுரம் சுற்றுவட்டாரத்தில் 311 ஏக்கர். நகரத்தின் எதிர்காலத்துக்கு நிலமும் நீரும் தருவது இந்த ஊர்கள். நகரத்தின் முடிவுகளில் இவற்றுக்கு ஓட்டு கிடையாது.

2015 டிசம்பர் 1. நவம்பர் மாதம் முழுக்கக் கொட்டிய மழையில் ஏரிகள் ஏற்கனவே நிரம்பியிருந்தன. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து வெளியேற்றிய நீர் படிப்படியாக உயர்ந்து விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாற்றின் இரு கரையிலும் இரவோடு இரவாக வீடுகள் மூழ்கின. அந்தப் பருவமழையில் மாநிலத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்து தாமதமாகத் திறந்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. விதிப்படியே திறந்தோம், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை என்று அப்போதைய தலைமைச் செயலாளர் ஞானதேசிகன் அறிக்கை விட்டார். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கைத் துறை அறிக்கை, இது மனிதரால் உண்டான பேரிடர் என்றும், செம்பரம்பாக்கத்திலிருந்து நீர் வெளியேற்றப்பட்ட விதம் தவறு என்றும் சொன்னது. நியாயமாகப் பார்த்தால் அடையாற்றில் அன்று ஓடியது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் மட்டுமில்லை. மேலேயிருந்த பல ஏரிகள் உடைந்தும் வழிந்தும் வந்த நீரும் சேர்ந்தது. அந்த ஏரிகளுக்கு ஷட்டரும் கிடையாது, கணக்கும் கிடையாது.

இந்த வெள்ளம் இரண்டு விதமாக வாசிக்கப்பட்டது. முதல் வாசிப்பு: போதிய தகவல் இல்லை. எவ்வளவு மழை வரும், எவ்வளவு நீர் சேரும், திறந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை அடி வரும் என்று உடனுக்குடன் சொல்லும் கருவி இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். எனவே சென்சார், ரேடார், மாதிரி, திரை. ஸ்மார்ட் சொல்லாடல் இந்த வாசிப்பின் மேல்தான் நிற்கிறது. இதன் பயனாக நல்ல காரியங்களும் நடந்தன. சென்னைக்கென்று வெள்ள எச்சரிக்கை முறை ஒன்றைக் கடலோர ஆய்வு மையம் உருவாக்கியது. நிகழ்நேர வெள்ள முன்கணிப்புத் திட்டம் உலக வங்கி உதவியோடு வந்தது. இவை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வெள்ளத்தில் வீடு இழந்தவரிடம் போய் 'தொழில்நுட்பம் அதிகாரத்தின் கருவி' என்று வகுப்பெடுப்பது அபத்தம்.

இரண்டாவது வாசிப்பு: தகவல் இருந்தது. ஏரியின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் இருந்தது. கனமழை வரும் என்று வானிலைத் துறை எச்சரித்திருந்தது. திறந்துவிட்ட நீர் சைதாப்பேட்டைக்குப் போகும் என்பதற்கு எந்த மாதிரியும் தேவையில்லை. பள்ளம் பார்த்துத் தண்ணீர் ஓடும். இல்லாமல் போனவை மூன்று. எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை இன்னார் இன்ன பொறுப்பில் முடிவு செய்கிறார் என்ற தெளிவு. ஆற்றங்கரைக் குடிசைக்கு நேரத்தோடு போய்ச் சேரும் எச்சரிக்கை. தப்பு நடந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள். இந்த மூன்றையும் எந்த சென்சாராலும் செய்ய முடியாது.

கொஞ்சம் இறங்கிப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலானது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி 22 அடியைத் தொட்டவுடனே மதகைத் திறந்தார்கள். 2015க்குப் பிறகு அதுவே முதல்முறை. அதிலிருந்து 24 அடி வரை காத்திராமல் முன்கூட்டியே திறந்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு கிடந்தது. சிக்கராயபுரத்துக் கல்குவாரியில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிச் செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மழைக்காலத்தில் இரண்டு அடி குறைத்து வைத்தால், அடுத்த மழை பொய்க்கும் ஆண்டில் கோடைக்கு அந்த இரண்டு அடி இல்லை. நிறைத்து வைத்தால் அடையாற்றங்கரைக்கு ஆபத்து. குறைத்து வைத்தால் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் பெண்களுக்கு ஆபத்து. யாருடைய ஆபத்தை யார் தலையில் வைப்பது என்பதே 22 அடியா 24 அடியா என்ற கேள்வியின் உள்ளர்த்தம். அது கணக்கு இல்லை, அரசியல். கணக்கு அதற்கு உதவலாம். அதன் இடத்தில் உட்கார முடியாது. ஸ்மார்ட் சொல்லாடல் செய்வது, இந்த அரசியல் கேள்வியை எடுத்துத் தொழில்நுட்பக் கேள்வியாக மொழிபெயர்த்துவிடுவது. மொழிபெயர்ப்பில் காணாமல் போவது ஆட்கள்.

4

இந்த இடத்தில் தனியார் நிறுவனங்களின் பங்கைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. இந்தியாவில் தண்ணீரில் அரசு-தனியார் கூட்டு என்ற பரிசோதனையின் முதல் களமே நம்முடைய திருப்பூர். புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் 1995இல் கம்பெனியாகப் பதிவானது. மகிந்திரா, பிரிட்டனின் யுனைடெட் யுடிலிடீஸ், அமெரிக்காவின் பெக்டெல், இவர்களோடு ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், முப்பதாண்டு உரிமம், சுமார் ஆயிரம் கோடி முதலீடு. 2005இல் தண்ணீர் வந்தது. சாயப்பட்டறைகள் அதிக விலை கொடுத்து வாங்கும், அதில் வரும் லாபத்தில் ஊருக்குக் குறைந்த விலையில் குடிநீர் கொடுக்கலாம் என்பது கணக்கு. 2011 ஜனவரியில் நொய்யலை நாசமாக்கிய சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் நின்றுபோனார்கள். ஓர் ஆற்றைக் காப்பாற்ற வந்த தீர்ப்பு ஒரு தண்ணீர்க் கம்பெனிக்கு நஷ்டக் கணக்கு ஆகிறது. இதில் யாரும் அயோக்கியர் இல்லை. அமைப்பே அப்படி. தண்ணீர் விற்று வாழும் கம்பெனிக்குத் தண்ணீர் அதிகம் செலவாக வேண்டும்.

இதே பெக்டெலின் பெயர் 2000இல் பொலிவியாவின் கொச்சபாம்பாவில் கேட்டது. தண்ணீர்க் கட்டணம் ஏறியதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கம்பெனி வெளியேற வேண்டியதாயிற்று. சென்னையில் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2010 ஜூலையில் திறந்தது. ஆயிரம் லிட்டர் 48 ரூபாய் 66 காசு என்ற தொடக்க விலையில், 25 ஆண்டுகளுக்குக் குடிநீர் வாரியம் வாங்கிக்கொள்ளும் என்று ஒப்பந்தம். கோவையில் 2018இல் 24 மணி நேரக் குடிநீர் வழங்க 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டது சூயஸ். ஆமாம், செம்பரம்பாக்கத்தில் பார்த்த அதே குழுமம். கட்டணத்தை நிர்ணயிப்பது மாநகராட்சிதான், கம்பெனி இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். கோவையில் எதிர்ப்பு எழுந்தது. விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். கட்டணத்தை முடிவு செய்யும் மன்றம் அந்த 2018இல் கோவையிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தங்களில் பொதுவாக இருப்பது காலம். ஒரு மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. ஒப்பந்தத்தின் ஆயுள் இருபத்தைந்து, முப்பது. இன்று கையெழுத்துப் போடும் அதிகாரி அடுத்த ஆண்டு வேறு துறைக்குப் போய்விடுவார். ஐந்து தேர்தலில் ஜெயித்து வருபவர்களும் அந்தக் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஜனநாயகத்தில் மனசை மாற்றிக்கொள்ளும் உரிமை முக்கியமான உரிமை. நீண்ட ஒப்பந்தம் அந்த உரிமையை முன்கூட்டியே விற்றுவிடுகிறது.

குப்பையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2000இல் சென்னையின் மூன்று மண்டலங்களை ஓனிக்ஸ் எடுத்தது. பிறகு நீல் மெட்டல் ஃபனால்கா, ராம்கி. 2020இல் ஸ்பெயின் நாட்டு உர்பேசர் சுமீத்துக்கு ஏழு மண்டலங்கள், எட்டாண்டு. ஒப்பந்தம் 'செயல்திறன் அளவுகோல்' அடிப்படையிலானது. அதாவது, எவ்வளவு குப்பை என்பதற்குப் பதிலாக எத்தனை புள்ளி என்று பார்த்துப் பணம். வண்டிக்கு ஜி.பி.எஸ். யார் எங்கே எத்தனை மணிக்கு இருந்தார் என்பது பதிவாகும். கம்பெனியை அளக்க வந்த அளவுகோல் இறங்கி இறங்கிக் கடைசியில் தெருப் பெருக்கும் பெண்ணின் கால்களில் வந்து நிற்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த ரிப்பன் மாளிகை வளாகத்துக்குள்தான் ஸ்மார்ட் சிட்டியின் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. நகரம் முழுவதையும் ஒரே சுவரில் பார்க்கலாம். வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பதில் சொல்ல அந்தச் சுவரில் வசதி இல்லை.

ஃபூக்கோ படித்த நண்பர்கள் ஸ்மார்ட் நகரத்தை உடனே 'கண்காணிப்பு' என்று வகைப்படுத்திவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் போதாது. எல்லாவற்றையும் பார்க்கும் கோபுரம் என்ற பிம்பம் அந்த இயந்திரத்துக்கு அதற்குத் தகுதியில்லாத ஒரு மகிமையைக் கொடுத்துவிடுகிறது. நம்மூரில் பாதி கேமரா வேலை செய்யாது. நிகழ்வது வேறு. நகரம் நம்மைப் பார்க்கிறது, ஆனால் நாம் கேட்டால் திரும்பிப் பேசுவதில்லை. ஒரு காலத்தில் ஆபீசில் ஃபைல் மேல் ஃபைல் அடுக்கி உட்கார்ந்திருந்த குமாஸ்தா கேட்டதற்கு எரிந்து விழுவார், லஞ்சம் கேட்பார். ஆனாலும் அவர் ஓர் ஆள். திரைக்குப் பின்னால் ஆள் இல்லை. துறை கம்பெனியைக் காட்டும், கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டும், ஒப்பந்தம் 'வணிக ரகசியம்' என்று சொல்லும். இதைக் கண்காணிப்பு என்பதைவிடப் பதிலின்மை என்று அழைப்பது பொருந்தும். கண்காணிப்பை விமர்சிப்பதற்கு நம்மிடம் கோட்பாடு நிறைய இருக்கிறது. பதிலின்மையை விமர்சிக்க இன்னும் மொழி தயாராகவில்லை.

5

இங்கே வாசகர் குறுக்கிடலாம். "ஏன்யா, கவர்மென்ட் ஒழுங்காப் பண்ணியிருந்தா கம்பெனிக்காரன் ஏன் வர்றான்? பொதுப்பணித் துறையும் குடிநீர் வாரியமும் பதில் சொல்லிக் கிழிச்சிட்டாங்களா?" நியாயமான கேள்வி. 2015இல் மதகைத் திறந்தது எந்தக் கம்பெனியும் இல்லை, அரசுத் துறை. தணிக்கை அறிக்கை வந்து ஆண்டுகள் பல ஆகியும் ஆற்றங்கரை மக்களுக்குக் கிடைத்த பதில் என்ன? 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பட்டம். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கும் நம் திருமழிசைக்குப் பக்கத்தில் குடப்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளக்காட்டுக்கே அனுப்பிய அரசு அது. ஆகவே 'தனியார் கெட்டது, அரசு நல்லது' என்ற எளிய எதிர்வு இங்கே உதவாது.

இன்னொரு எதிர்வும் உதவாது: நவீனம் கெட்டது, மரபு நல்லது. ஏரி என்றதும் நம்மவர்கள் உடனே குடிமராமத்துக்கும் உத்திரமேரூருக்கும் ஓடிவிடுகிறார்கள். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன, உண்மை. குடவோலை போட்டு உறுப்பினரைத் தேர்ந்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று விதி இருந்தது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த விதியை எந்த ஸ்மார்ட் சிட்டிக் கம்பெனியின் சாசனத்திலாவது சேர்ப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போக முடிந்தது? வரி செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், மந்திர பிராமணம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஏரியை வெட்டியவன் பெயரும் மடையில் முங்கித் திறந்தவன் பெயரும் ஓலையில் ஏறவில்லை. குடிமராமத்துக்காக வெள்ளையர் 1858இல் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம்.

எச்சரிக்கை சொல்லும் முறையையும் பாருங்கள். ஏரி திறக்கிறது என்றால் ஊரில் தண்டோரா போடுவார்கள். பறையடித்துச் சொன்னது சேரிக்காரர். ஊர்த்தெருவில் நின்று எல்லாருடைய உயிருக்கும் எச்சரிக்கை சொன்னவர், அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு தண்டோராவைத் தடை செய்யும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மிகச் சரியான காரியம். இன்று ஆட்டோவில் ஒலிபெருக்கி, செல்போனில் குறுஞ்செய்தி, 'டிஎன் அலர்ட்' செயலி. இந்த ஓர் இடத்தில் தொழில்நுட்பம் சாதியிடமிருந்து ஒரு வேலையைப் பறித்துப் பொதுவாக்கியிருக்கிறது. இதை மறுப்பவர்கள் மரபின் பேரில் வேறெதையோ காப்பாற்ற நினைக்கிறார்கள். ஆகவே நாம் கேட்பது பழையதுக்குத் திரும்புவதை இல்லை. கல்வெட்டிலிருந்து கணக்குக் காட்டும் விதியை எடுத்துக்கொள்ளலாம். குடத்துக்குள் எல்லார் பெயரையும் போட வேண்டும்.

6

உலகத்தில் இப்படிக் கேட்டு ஜெயித்த ஊர்கள் உண்டு. கனடாவின் டொரன்டோவில் ஏரிக்கரைப் பகுதி ஒன்றை 'இணையத்திலிருந்து கட்டியெழுப்பும்' நகரமாக்க, கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைட்வாக் லேப்ஸ் 2017 அக்டோபரில் வந்தது. சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்று குடிமக்கள் கேட்டார்கள். அந்தரங்கப் பாதுகாப்புக்காகக் கம்பெனியே அமர்த்திய நிபுணர் ஆன் கவூக்கியன் ஓராண்டில் விலகினார். 2020 மேயில் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. கொரோனா காலத்துப் பொருளாதார நிலை என்று காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். இரண்டரை வருஷம் விடாமல் கேள்வி கேட்ட ஓர் ஊர் அங்கே இருந்தது. அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு மன்றமும் இருந்தது.

நமக்கு வேண்டிய கேள்விகள் கோட்பாட்டு நூல்களில் தேடும்படியானவை இல்லை. ஏரியின் உயரம், வரத்து, வெளியேற்றம், இந்த எண்கள் அதிகாரிக்குத் தெரியும் அதே நேரத்தில் ஆற்றங்கரைக்காரருக்கும் தெரியுமா? 22 அடியா 24 அடியா என்பதை முடிவு செய்யும் இடத்தில் சைதாப்பேட்டைக்கும் செம்பரம்பாக்கம் ஊராட்சிக்கும் ஓர் இருக்கை உண்டா? மென்பொருளை எழுதிய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்த பிறகு தகவல் யாரிடம் இருக்கும், அதை மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டுமா? கணிப்பு தப்பினால் யார் பெயரைச் சொல்லி வழக்குப் போடுவது? ஒப்பந்தத்தைத் தமிழில், முழுதாக, கிராம சபையில் வாசிப்பார்களா? இதற்கெல்லாம் 'ஆம்' என்று பதில் வருமானால் அந்தத் தொழில்நுட்பம் தனியார் செய்ததா அரசு செய்ததா என்பது இரண்டாம்பட்சம். 'இல்லை' என்று வருமானால் அரசே செய்தாலும் அது தனியார்தான். பொது என்பது சொத்துரிமையின் பெயர் மட்டுமில்லை, பதில் சொல்லும் கடமையின் பெயரும்.

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சி ஆயின. மேற்கே நகரம் வந்துகொண்டே இருக்கிறது. நாளைக்கே செம்பரம்பாக்கமும் ஏதோவொரு ஸ்மார்ட் எல்லைக்குள் வந்துவிடலாம். ஏரியில் 19 கண் மதகும் 5 கண் மதகும் இருக்கின்றன. அவற்றில் மோட்டார் வைக்கலாம், சென்சார் வைக்கலாம், ரிப்பன் மாளிகையிலிருந்தே பொத்தானை அழுத்தித் திறக்கிற காலம் வரலாம். வரட்டும். அழுத்துகிற விரல் யாருடையது என்பதைக் கரையில் ஒரு பலகையில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, பெயர் போட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.